ஏழாம் பக்கம்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: உலகில் எழுதப்பட்ட, எழுதப்படுகிற, இனி எழுதப்படவிருக்கிற ஒவ்வொரு சிறுகதைக்குள்ளும் மையக்கருத்து என்று ஒன்று இருக்கிறது. ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது நிமிடத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்ததற்கான படிவத்தை மூன்று பிரதிகள் எடுத்து அனுப்ப வேண்டும்.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த இந்தச் சுற்றறிக்கையைத் தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் நின்றபடியே வாசித்து முடித்தார். உட்கார்ந்து வாசித்தால் அதற்குரிய மரியாதை குறைந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். முடித்ததும் கண்ணாடிக்கு மேலாக மொழிப்பாட டீச்சரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை, ரெண்டாவது பீரியட். ஆய்வாளரே நேர்ல வந்து உக்காந்து பாக்கப் போறார்மா. உங்க வகுப்பு."

டீச்சர் அந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகம். வருஷத்துக்குப் பதினோரு மாதம் வேலை. பன்னிரண்டாவது மாதம் அவள் யாரென்றே பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. அந்த ஒரு மாதம் கணவனின் பைண்டிங் கடையில் உட்கார்ந்து, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிய, அட்டை ஒட்டுவாள். அப்புறம் ஒரு காலை, கையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டு மறுபடியும் டீச்சராகிவிடுவாள்.

"படிவத்துல 'திருப்தி'ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டார்னா, உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் அன்னைக்கே எழுதிடறேன்" என்றார் தலைமையாசிரியர். "எழுதலேன்னா, வர்ற வருஷம் உங்களுக்கு அந்தப் பன்னெண்டாவது மாசம் முடியவே முடியாது."

"எந்தக் கதை சார்?"

"பாடப் புத்தகத்துக் கதையெல்லாம் வேண்டாமாம். புதுக்கதை அனுப்பியிருக்கார்." அவர் குரல் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோல் இறங்கியது. "அவரே எழுதினது."

கதை தட்டச்சில் எட்டுப் பக்கம். தலைப்புக்கு அடுத்து மூன்று ஆச்சரியக்குறிகள் நின்றன. ஒரு தொழிற்சாலையின் காவலாளி வாசலில் வைர மோதிரம் ஒன்றைக் கண்டெடுக்கிறான். வீட்டில் மனைவி படுத்த படுக்கை. ஆறு பக்கம் மனசாட்சியோடு மல்லுக்கட்டிவிட்டு மோதிரத்தை முதலாளியிடம் கொடுக்கிறான். முதலாளி கண்கலங்கி, ஏழாம் பக்கத்தில் அவனை மேலாளர் ஆக்குகிறார். எட்டாம் பக்கத்தில் மனைவி எழுந்து உட்காருகிறாள், சூரியன் உதிக்கிறது. கதையோடு ஒட்டிய உறை ஒன்றும் வந்திருந்தது. உள்ளே மையக்கருத்து. வகுப்பு முடிந்தபின் பிரித்து, மாணவர்கள் சொன்னதோடு ஒப்பிட வேண்டும்.

தலைமையாசிரியர் அந்த உறையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"'நேர்மை என்றும் வெல்லும்.' நான் பாக்கலே. நீங்களும் கேக்கலே."

"பசங்களாத்தானே கண்டுபிடிக்கணும் சார்?"

"யாரு வேண்டாம்னா? தாராளமா கண்டுபிடிக்கட்டும். இதைக் கண்டுபிடிக்கட்டும்."

*

பைண்டிங் கடை வீட்டின் கீழ்த்தளம். மேலே இரண்டு அறை, கீழே நீள மேசை ஒன்று, வெட்டும் இயந்திரம் ஒன்று, எப்போதும் பசை நாற்றம். புதன்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து கதை வந்து இறங்கியது. நாற்பது பிரதி. பிரதிக்கு நாலு தாள், இரண்டு பக்கமும் அச்சு. அவற்றைச் சேர்த்து ஓரத்தில் தைத்துத் தரவேண்டியது பைண்டரின் வேலை.

மேசையில் ஏற்கெனவே வேறொரு வேலை கிடந்தது. தண்ணீர் பம்பு விற்கும் கடைக்காரருக்கான செய்முறைக் கையேடு. அதுவும் எட்டுப் பக்கம், நாலு தாள், அதே மட்டக் காகிதம். ஐந்நூறில் கடைசி நாற்பது பாக்கி. டீச்சரின் மகள் ஒரு வாரமாகப் பள்ளி விட்டு வந்ததும் அந்தத் தாள்களைத்தான் அடுக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

தாள் சேர்ப்பது பைண்டரின் அக்கா. டீச்சருக்கு அண்ணி. எழுத்து தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் நேர்ந்ததில்லை. ஜன்னல் பக்கம் நாலு அடுக்கு ஒரு வேலை, சுவர்ப் பக்கம் நாலு அடுக்கு ஒரு வேலை. மேசையைச் சுற்றி நடந்தபடி அடுக்குக்கு ஒரு தாளாக உருவுவாள். ஒரு சுற்று வந்தால் ஒரு புத்தகம். முப்பது வருஷத்தில் ஒரு தாள் மாறியதில்லை. இந்த விஷயத்தில் அண்ணிக்கு உள்ள கர்வத்தைப் பார்த்தால், ஆய்வாளரின் மூன்று ஆச்சரியக்குறிகளும் தலைகுனிந்து கேள்விக்குறியாகிவிடும்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி இப்படித் தொங்குது?" அண்ணி நடையை நிறுத்தவில்லை. "நாளைக்குப் பரீட்சை பசங்களுக்கா, உனக்கா?"

"எனக்குத்தான் அண்ணி. கதையில என்ன இருக்குன்னு பசங்க சொல்லணும். ஆனா அவங்க என்ன சொல்லணும்னு முன்னாடியே எழுதி ஒட்டி வெச்சிருக்கு."

"அப்ப அதையே சொல்லிக் கொடுத்துட்டுப் போயேன்."

"அதுக்கு டீச்சர் எதுக்கு? கிளி போதுமே."

"கிளிக்கு வேலை நிரந்தரம்டி" என்றாள் அண்ணி. "கூண்டு இருக்குல்ல."

பைண்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "கதை நல்லா இருக்கா?" என்று கேட்டான். ஆயிரக்கணக்கான கதைகளைத் தைத்தவன், ஒன்றையும் படித்தவனில்லை. அவனுக்குப் பக்க எண் சரியாக இருக்க வேண்டும். இருந்தால் நல்ல புத்தகம்.

"மனுஷன் நல்லவனா இருந்தா முதலாளி மேலாளர் ஆக்குவாராம்."

"எந்த ஊர்ல?" என்றான் பைண்டர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு.

அப்போதுதான் மழை பிடித்தது. பிடித்தது என்றால் ஓட்டில் யாரோ ஜல்லி கொட்டியதுபோல. மாடிக்கு வெளியே நீண்டிருந்த ஓட்டுக் கூரையின் இணைப்பு ஒழுகி, முதல் சொட்டு வெட்டும் இயந்திரத்தில் விழுந்தது. இரண்டாவது சொட்டு மேசைமேலேயே விழுந்தது.

"தாளு! தாளு!" என்று அண்ணி கத்தினாள்.

எல்லாரும் பாய்ந்தார்கள். மகள் மூன்று அடுக்கை வாரிக்கொண்டு படியேறினாள். பைண்டர் மேசையின் ஒரு தலையைப் பிடித்து இழுத்தான். அண்ணி முந்தானையால் மூடியபடி மூன்று அடுக்கைத் தூக்கினாள். இரண்டு வேலையின் கடைசி அடுக்கையும் டீச்சர் கைக்கு ஒன்றாக அணைத்துக்கொண்டாள். மேசை இடம் மாறி, வாளி வைத்து, ஈரம் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப வைத்தபோது அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது தாள் அல்ல. 'நேர்மை என்றும் வெல்லும்' என்று முப்பத்தெட்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வதும், அதைக் கேட்டுத் தான் தலையாட்டுவதும்தான். வலது கையிலிருந்ததை ஜன்னல் பக்கமும் இடது கையிலிருந்ததைச் சுவர்ப் பக்கமும் வைத்தாள்.

அண்ணி மறுபடி நடக்கத் தொடங்கினாள். இருட்டுவதற்குள் இரண்டு வேலையும் முடிந்தன. பைண்டர் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண் பார்த்தான். ஒன்று முதல் எட்டு வரை, ஒன்று குறையாமல், ஒன்று மாறாமல் இருந்தது. பம்புக் கடைக்காரர் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். டீச்சர் நாற்பது கதையையும் பையில் போட்டு வாயைக் கட்டிவைத்தாள்.

*

ஆய்வாளர் கனத்த மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. பிள்ளைகளுக்காகச் செய்த கடைசி பெஞ்சில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, உறையை மடியில் வைத்திருந்தார். நேற்றைய மழையில் ஜன்னலோரப் பெஞ்சுகள் இன்னும் ஈரம்.

டீச்சர் கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினாள். யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? கடைசியில் என்ன மாறுகிறது? வருஷம் பூராவும் எழுதுகிற கேள்விதான். இன்று சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு பத்தியாக வாசித்தார்கள். ஆய்வாளர் கையிலிருந்த பிரதியைத் திறக்கவே இல்லை. தன் கதையைத் தானே படிப்பானேன் என்று கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரி கேட்பவர்போல் விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். காவலாளி மோதிரத்தை எடுத்தான். தவித்தான். மறுபடி தவித்தான். ஆறாம் பக்கத்தின் கடைசிப் பத்தி மூன்றாம் பெஞ்சுக்கு வந்தது. மூன்றாம் பெஞ்சில் டீச்சரின் மகள்.

"முதலாளி காவலாளியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கின. குரல் தழுதழுக்க அவர் சொன்னார்: இனிமேல்..."

மகள் தாளைத் திருப்பினாள். நின்றாள்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வகுப்பில் அவள் அப்படிப் பார்ப்பதில்லை. வகுப்பில் அம்மா டீச்சர்தான். டீச்சர் தன் பிரதியைத் திருப்பினாள். ஏழு என்று எண் போட்டிருந்தது. எண்ணுக்குக் கீழே இருந்தது கதை இல்லை. வலது கை, இடது கை, ஈர மேசை எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துபோயின.

நிறுத்தலாம். 'மன்னிக்கணும் சார், தாள் மாறிப்போச்சு' என்று சொல்லலாம். சிவப்புப் பேனா வெளியே வரும். ஆய்வாளரின் கதையைக் கெடுத்த தற்காலிகம் என்று தலைமையாசிரியர் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி பெஞ்சில் விரல் தட்டுவது நின்றிருந்தது. கண் இன்னும் திறக்கவில்லை.

"ம்" என்றாள் டீச்சர். "படி."

மகள் படித்தாள். ஒரு வாரமாகத் தட்டி அடுக்கிய வரிகள், பார்க்காமலே சொல்வாள்.

"இயந்திரத்தை ஒரே இடத்தில் அசையாதபடி இறுக்கமாகப் பொருத்தவும். நீரின்றி நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. அதிகம் சூடானால் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் இயக்கவும். வழக்கத்துக்கு மாறான சத்தம் எழுந்தால் உடனே நிறுத்தவும். உத்தரவாதம் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே. அதன் பின் ஏற்படும் தேய்மானத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது."

எட்டாம் பக்கத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு தலைப்பும் அதற்குக் கீழே வெறும் கோடுகளும் இருந்தன.

வெளியே கூரை விளிம்பிலிருந்து சொட்டுவது கேட்டது. ஆய்வாளர் கண்ணைத் திறந்தார். மெதுவாகத் தன் பிரதியை எடுத்து, மெதுவாக ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் கழுத்து சிவப்பதை டீச்சர் இவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தாள்.

"சரி" என்றாள். குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "கதை எதைப் பத்தி?"

முதல் பெஞ்சில் முட்டை எழுந்தான். கணக்கில் வாங்குகிற மதிப்பெண்ணுக்காக வைத்த பெயர். "நேர்மை, டீச்சர்!"

"அது ஒரு வார்த்தைடா. நேர்மையைப் பத்திக் கதை என்ன சொல்லுது?"

தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உதட்டை அசைத்தார். என்றும், என்றும், வெல்லும். முட்டை அவரைப் பார்த்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"வெல்லும்னு... வெல்லலையே டீச்சர்."

"ஏன்?"

"மோதிரத்தைக் கொடுத்தாரு. முதலாளி அழுதாரு. ஆனா அழுதுட்டு என்ன சொல்றாரு? 'இயந்திரத்தை ஒரே இடத்தில் பொருத்தவும்'னு. காவலாளியை மனுஷனாவே மதிக்கலை."

"அழுதது நடிப்பு, டீச்சர்" என்றது ஒரு குரல்.

"எந்த வரியில இருக்கு? வரியைக் காட்டிட்டுப் பேசணும்."

"நடிப்பு இல்லடா" என்று இன்னொருத்தன் திரும்பினான். "பாதி நல்லவரு. சூடானா அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்றாருல்ல?"

"மறுபடி ஓட்டறதுக்குத்தானே கொடுக்கறாரு! எங்க வீட்ல மிக்ஸிக்குக் கூடத்தான் ஓய்வு கொடுக்கறாங்க!"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு நெட்டைப் பெண் கையைத் தூக்கினாள். வருஷத்தில் இரண்டாவது தடவை தூக்குகிறாள்.

"சத்தம் எழுந்தால் உடனே நிறுத்தவும்னு இருக்குல்ல டீச்சர். எங்கப்பாவை அப்படித்தான் நிறுத்தினாங்க. மில்லுல. ஷிஃப்ட் நேரத்தைப் பத்திக் கேட்டாருன்னு. அதுவரைக்கும் ரொம்ப நல்ல ஆளுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் காவலாளியும் கேள்வி கேக்காத வரைக்கும்தான் நல்லவரு. அதான் கதை."

"அப்ப இந்தப் பன்னெண்டு மாசம்?" என்று டீச்சர் கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்ததற்குள் கேட்டுவிட்டிருந்தாள்.

அவள் மகள் எழுந்தாள்.

"நேர்மையா இருந்தாலும் நிரந்தரம் பண்ண மாட்டாங்க, டீச்சர். வருஷா வருஷம் உத்தரவாதம் புதுப்பிக்கணும். தேய்ஞ்சுபோனா அவங்க பொறுப்பு இல்லே."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, மூன்றாவது கேள்வியின் கீழ் எதையாவது எழுத வேண்டுமே என்று சாக்பீஸை வைத்தாள். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. ஆய்வாளர் எழுந்து நின்றிருந்தார்.

"இந்தக் கதையோட முடிவு..." என்று ஆரம்பித்தார். சிவப்புப் பேனா கையில் இருந்தது.

"அபாரம் சார்!" தலைமையாசிரியர் துள்ளி எழுந்தார். அவர் கதையைப் படித்திருக்கவில்லை, உறையைத்தான் படித்திருந்தார். "எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு! வேற யாராவது எழுதியிருந்தா அவனை மேலாளர் ஆக்கி முடிச்சிருப்பான் சார், சப்புனு! நீங்க அங்கதான் நிக்கறீங்க. எட்டாம் பக்கத்தை வெறுமனே விட்டீங்க பாருங்க, 'குறிப்புகள்'னு... வாசிக்கறவனே எழுதிக்கட்டும்னு! யாருக்கு சார் வரும் அந்தத் துணிச்சல்?"

ஆய்வாளரின் வாய் திறந்தபடி இருந்தது. முப்பத்தெட்டு பிள்ளைகள் கழுத்தைத் திருப்பி, கதை எழுதிய மனிதரை, இந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த அதிகாரியும் பார்க்கப்படாத விதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டைப் பெண் மட்டும் கேட்டாள்:

"சார், உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் பேனாவைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது, அது தெரிந்ததும் அவருக்குத் தெரிந்தது.

"அந்த முடிவுக்காக" என்றார் ஆய்வாளர், தொண்டையைச் செருமி, "மூணு மாசம் தூங்கலே."

சிவப்புப் பேனாவை மூடினார். நீலப் பேனாவை எடுத்தார். தலைமையாசிரியர் மரியாதையோடு நீட்டிய உறையை வாங்கி, பிரிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

படிவத்தில் 'மிகவும் திருப்தி' என்று இருந்ததை டீச்சர் கீழ்த்தளத்தில் நின்றபடியே சொன்னாள். மகள் அதற்குள் மீதிக் கதையைச் சொல்லிவிட்டாள். பைண்டர் சிரித்துச் சிரித்துப் பசை டப்பாவைத் தட்டிவிட்டான். சிரிக்காதது அண்ணிதான். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"தாளு மாறிச்சா?"

"அதனாலதான் அத்தை எல்லாம் நல்லதா..."

"தாளு மாறிச்சான்னு கேட்டேன்."

அண்ணி எழுந்து போய், வெறும் மேசையைத் தடவிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் நாலு இடம், சுவர்ப் பக்கம் நாலு இடம்.

"கண்ணு போச்சு எனக்கு" என்றாள். "கையும் போச்சு. நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாருடா தம்பி."

"அக்கா, எண்ணு சரியாத்தானே இருந்துது, நானே பாத்தேனே..."

"எண்ணு உன் வேலை. இடம் என் வேலை."

டீச்சருக்கு அங்கிருந்து மாடிக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. காலையில் ஒரு தடவை சும்மா இருந்து ஜெயித்தாயிற்று. இப்போதும் அப்படியே சும்மா இருக்கலாம். படிக்கட்டில் ஒரு கால் வைத்தவள் நின்றாள்.

"நீங்க இல்லே அண்ணி. மழையில கடைசி அடுக்கு ரெண்டையும் தூக்கினது நான். மாத்தி வெச்சதும் நான்தான். நீங்க இடம் பார்த்துச் சரியாத்தான் எடுத்தீங்க."

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பைண்டர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான்.

"முப்பது வருஷம்" என்றாள் அண்ணி. "ஒரு தாளு மாறாம சேர்த்திருக்கேன். அந்தப் புத்தகத்தையெல்லாம் எடுத்துட்டுப் போனவங்கள்ல ஒருத்தராவது நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்களா? நீ ஒரே ஒரு தடவை மாத்தி வெச்சே. உடம்பு சிலிர்க்குதாம்." ரொட்டியை மறுபடி எடுத்தாள். "இனிமே மழை வந்தா நீ தாளைத் தொடாதே. வாளியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

"அந்தப் பம்புக் கையேடு நாப்பதுல சூரியன் உதிக்குமே, அப்பா?" என்றாள் மகள். அப்போதுதான் பைண்டரின் சிரிப்பு நின்றது.

ஒரு மாதம் அவன் பம்புக் கடை இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றி நடந்தான். ஒருநாள் கடைக்காரரே வாசலில் வந்து நின்றார், அடுத்த ஐந்நூறுக்கு. பைண்டர் தயங்கித் தயங்கி, கையேட்டில் ஏதாவது குறை என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டான். "கையேடா?" என்றார் கடைக்காரர். "அதை எவன்பா படிக்கறான்?"

ஆய்வாளரின் கதை, புதிய முடிவோடு, அலுவலக ஆண்டு மலரில் வெளிவந்தது. எட்டாம் பக்கத்தின் வெற்றுக் கோடுகளைப் பற்றித் தலைமையாசிரியர் அதே மலரில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

தேர்வெல்லாம் முடிந்து, பதினோராவது மாதத்தின் கடைசி நாளில், டீச்சருக்கு அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. தலைமையாசிரியர் அதையும் நின்றுகொண்டே வாசித்தார். அன்னாரின் சிறப்பான பணியைப் பாராட்டி, அவரது தற்காலிகப் பணி பதினோரு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்தப்படுகிறது.